துரை ஓடிப்போகவில்லை

தம்பி,

இவ்விடம் நலம், அவ்விடம் நலமறிய ஆவல் என்று தொடங்கித்தான் இத்தனை வருஷமும் உனக்குக் கார்டு போட்டிருக்கிறேன். இன்றைக்கு அதை எழுதக் கை வரவில்லை. இவ்விடம் நலம் இல்லை. அவ்விடமும் இல்லை என்பதை நான்கு நாள் உன் வீட்டில் இருந்து என் கண்ணாலேயே பார்த்துவிட்டு வந்தேன். கார்டில் எழுதினால் தபால்காரர் படிப்பார், உனக்கு வீடு வாடகைக்கு விட்ட வீட்டுக்கார அம்மாள் படிப்பார் என்று கவர் வாங்கி வரச் சொன்னேன். பிறகு யோசித்தேன். யார் படித்தால் என்ன? மூடி மூடித்தான் நம் குடும்பம் இந்த லட்சணத்தில் இருக்கிறது. இந்தக் கவரை ஒட்டாமலே பெட்டியில் போடப் போகிறேன். யார் பிரித்துப் படித்தாலும் புரியட்டும் என்று உனக்குத் தெரிந்ததையும் சேர்த்தே எழுதுகிறேன். அலுத்துக்கொள்ளாமல் படி.

என்னைச் செஞ்சி பஸ்ஸில் ஏற்றிவிட வந்தாய். அங்கே வைத்துத்தான் எனக்குப் பேச வாய் வந்தது. "கொழந்தய ஆஸ்பத்திரிக்குக் காட்டுப்பா. ஒளிச்சி வெச்சா காலு நேரா ஆயிடுமா?" என்றேன். நீ கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் எனக்குத் திருப்பிப் பேசத் தெரியும். என்னைக் கட்டிய உன் நைனாவோடு இருபத்தைந்து வருஷம் சண்டை போட்ட வாய் இது. நீ என் பையை மடியில் வைத்துக்கொண்டு, "ஒண்ணு கேக்கறேன், சொல்றியாம்மா? தொர நெஜமாவே ஓடிப்போச்சா?" என்றாய். நான், "பஸ் கெளம்பப் போவுது, எறங்கு" என்றேன். பஸ் கிளம்ப இன்னும் கால்மணி நேரம் இருந்தது. நீ இறங்கிப் போய்விட்டாய். திண்டிவனம் வரைக்கும் ஜன்னல் கம்பியைப் பிடித்தபடியே வந்தேன். பக்கத்தில் இருந்தவள் வாந்தி வருகிறதா என்று கேட்டாள்.

உன் பிள்ளைக்கு நாலு மாசம். வலது பாதம் உள்பக்கமாக மடங்கிப் பிறந்திருக்கிறது. மருமகளுக்குத் தாய் இல்லை, பிரசவத்துக்கு நான் வருகிறேன் என்றபோது வேண்டாம் என்று எழுதினாய். பிறந்ததும் 'தாயும் சேயும் நலம்' என்று ஒரு வரி. பிரசவ ஆஸ்பத்திரியிலேயே நர்சம்மா சொன்னாளாம், பத்து நாளில் கொண்டுவாருங்கள், மாவுக்கட்டுப் போட்டுப் போட்டு நேராக்கிவிடலாம், எலும்பு பச்சையாக இருக்கும்போதே செய்ய வேண்டும் என்று. நீ கொண்டுபோகவில்லை. சித்திரை வெயிலில் குழந்தையின் இரண்டு காலுக்கும் கம்பளி உறை மாட்டி வைத்திருக்கிறாய். நாலு மாசம் போய்விட்டது, தம்பி. இதற்காகத்தான் இந்தக் கடிதம். ஆனால் நீ கேட்டதற்குப் பதில் சொல்லாமல் இதைச் சொன்னால் என் பேச்சு உன் காதில் ஏறாது. அதனால் முதலில் துரை.

துரை நம் வீட்டுக்கு வந்தபோது உனக்குப் பதினாலு வயது. நம் மளிகைக் கடைக்குப் புளி வாங்க அவலூர்பேட்டைச் சந்தைக்குப் போன உன் நைனா, மஞ்சள் பையில் ஒரு வெள்ளை முயலைக் கொண்டுவந்தார். சந்தையில் ஒருவன் கூடை கூடையாக முயல் விற்றானாம். இதை மட்டும் தனியாகக் கவிழ்த்து வைத்திருந்தானாம். "அது விக்கறதுக்கு இல்லீங்க, கொழம்புக்கு" என்றானாம். இவருக்கு மனசு கேட்கவில்லை. இடது பின்னங்கால் இடுப்பிலிருந்தே பக்கவாட்டில் நீட்டிக்கொண்டிருந்தது. அதை மடக்கவும் தெரியாது, ஊன்றவும் தெரியாது. "நல்லதா ஒண்ணு கெடைக்கலியா ஒங்களுக்கு? நொண்டியத்தான் தூக்கினு வரணுமா?" என்று நான் கத்தினேன். "நல்லத எவன் வேணா வாங்குவான்" என்றார் அவர். அதைத் தரையில் விட்டதும் ஒரு காலை நீட்டிக்கொண்டு சாய்ந்து உட்கார்ந்து நம் எல்லாரையும் ஒரு பார்வை பார்த்தது. ஈசிச்சேரில் சாய்ந்த வெள்ளைக்காரத் துரை மாதிரி இருக்கிறதே என்று உன் அக்கா சொன்னாள். அன்றிலிருந்து துரை.

நீ அதை வளர்த்த விதத்தை எழுதினால் எனக்கே வெட்கமாக இருக்கிறது, ஏனென்றால் உன்னை நான் அப்படி வளர்க்கவில்லை. நம் வீட்டுச் சிமெண்டுத் தரையில் அதன் கால் வழுக்கி வழுக்கி இன்னும் அகலமாகப் போனது. நீ கடையிலிருந்து கோணி கொண்டுவந்து விரித்தாய். சர்க்கரைக் கோணியில் எறும்பு வந்தது. உப்புக் கோணி ஈரம் கோத்து அதன் வயிற்று முடி கொட்டியது. கடைசியில் அரிசிக் கோணியை அலசி, வெயிலில் காயவைத்து, தினம் ஒன்றாக மாற்றிப் போட்டாய். ஒரே பக்கமாகச் சாய்ந்து கிடப்பதால் மூத்திரம் பட்டுத் தொடை வெந்துபோகும்; வெந்நீரில் துடைத்துத் தேங்காயெண்ணெய் தடவுவாய். மற்ற முயலெல்லாம் பின்னங்காலால் காதைச் சொறிந்துகொள்ளுமாம். இதற்குக் கால் எட்டாது. நீ சொறிந்துவிடும்போது அந்த விளங்காத கால் அந்தரத்தில் தானாகச் சொறியும். அதைப் பார்த்து நீ சிரிப்பாய். நானும் ஒன்றிரண்டு தடவை சிரித்திருக்கிறேன். பள்ளிக்கூடப் பையன்கள் உன்னை மொசலுக்காரன் என்றார்கள். "நீ புடிச்ச மொசலுக்கு மூணு காலுதான்டா" என்று எதிர்க்கடைக்காரர் கேலி செய்வார். நீ முள்முருங்கை இலை பறிக்கப் போய்விடுவாய். தெருவே நம் வீட்டை மொசலு வளக்கற வூடு என்றுதான் சொல்லும்.

ஒரு நாள் அதைக் கூடையில் வைத்து மாட்டாஸ்பத்திரிக்குக் கொண்டுபோனாய். நானும் வந்தேன். வரிசையில் நம் முன்னால் ஒரு உழவு மாடு, பின்னால் ஒரு சினை ஆடு. டாக்டர் கூடைக்குள் பார்த்துவிட்டு, "மொசலுக்கா வந்தீங்க?" என்று சிரித்தார். ஆனால் நல்ல மனுஷன். காலை நீவிப் பார்த்துவிட்டு, "குட்டியில, கண்ணு தொறந்த வாரத்துல ரெண்டு காலையும் சேத்துத் துணியால கட்டியிருந்தா நேரா வந்திருக்கும் தம்பி. இப்ப எலும்பு முத்திப்போச்சு. ஒண்ணும் பண்ண முடியாது" என்றார். வீட்டுக்கு வந்தோம். கூடையை இறக்கி வைத்துவிட்டு, "அந்தச் சந்தக்காரன் ஒரு துணி கட்டியிருக்கக் கூடாதாம்மா?" என்று என்னைக் கேட்டாய். உனக்கு இது நினைவிருக்கிறதா? ஒரு வாரத்துத் துணிக்கட்டுக்காக ஊர் பேர் தெரியாத ஒருவன் மேல் நீ எத்தனை நாள் கோபமாக இருந்தாய்! இப்போது உன் வீட்டில் நீதான் அந்தச் சந்தைக்காரன். இதைக் கோபமாக எழுதவில்லை. அழுதுகொண்டுதான் எழுதுகிறேன்.

உன் அக்காவுக்குப் பத்தொன்பது ஆனது. தை மாசம் ஒரு இடத்தில் பெண் பார்க்க வந்தார்கள். அவர்கள் வாசற்படி ஏறவும் துரை கோணியை விட்டு இறங்கி, வழியின் குறுக்கே காலை இழுத்துக்கொண்டு போகவும் சரியாக இருந்தது. வந்த பெரியவர் தூக்கிய காலை அப்படியே வைத்துக்கொண்டு நின்றார். உட்கார்ந்தார்கள், சாப்பிட்டார்கள், போனார்கள். பிறகு சகுனம் சரியில்லை என்று சொல்லியனுப்பினார்கள். உண்மையில் அவர்களுக்கு வேறு எது பிடிக்கவில்லையோ, யாருக்குத் தெரியும்! ஆனால் பெண்ணைப் பெற்றவளுக்குப் பழி போட ஒரு இடம் வேண்டும். நான் துரை மேல் போட்டேன். அன்றிலிருந்து அதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு எரிச்சல் வரும். உன்னிடம் காட்டிக்கொள்ளவில்லை.

சித்திரையில் திண்டிவனத்து இடம் வந்தது. புதன்கிழமை வருகிறோம் என்றார்கள். பொன் கிடைத்தாலும் புதன் கிடைக்காது என்று எனக்கு ஒரே சந்தோஷம். நீ எஸ்.எஸ்.எல்.சி. எழுதிவிட்டு வீட்டில் இருந்தாய். நீ இருந்தால் முயலை விடமாட்டாய் என்று செவ்வாய்க்கிழமையே உன்னை அனந்தபுரத்தில் சித்தி வீட்டுக்கு அனுப்பினேன். சித்திக்கு உடம்பு சரியில்லை என்றேன். அதுவும் பொய். நீ கிளம்பும்போது என்னிடம் சொன்னாய்: "கத்திரி வெயிலும்மா. தொர தாங்காது. கூடத்துலயே வையி. மத்தியானத்துல காதுல கொஞ்சம் தண்ணி தொட்டு வையி." நான் சரி என்றேன். சரி என்று சொல்லும்போதே அதை எங்கே மறைப்பது என்று யோசித்துக்கொண்டிருந்தேன்.

புதன்கிழமை காலை பத்து மணிக்கு மொட்டை மாடிக்குத் தூக்கிக்கொண்டு போனேன். படிக்கட்டு அறைச் சுவருக்கு மேற்கே நல்ல நிழல் இருந்தது. அங்கே கோழிக் கூடையைக் கவிழ்த்து, அதற்குள் துரையை விட்டு, ஒரு கிண்ணத்தில் தண்ணீர் வைத்து, நனைத்த கோணியை மேலே போட்டு மூடினேன். ஒரு மணி நேரத்தில் வந்துவிட்டுப் போய்விடுவார்கள், உடனே எடுத்துவிடலாம் என்றுதான் நினைத்தேன். காலை நிழல் மத்தியானத்தில் எங்கே போகும் என்று யோசிக்கவில்லை. வடகம் காயப்போட இருபது வருஷம் ஏறி இறங்கிய மாடி அது. வெயில் எப்போது எந்தப் பக்கம் வரும் என்று எனக்குத் தெரியாதா? தெரியும். அன்றைக்கு யோசிக்கவில்லை.

பத்தரைக்கு வந்தார்கள். மாப்பிள்ளை, அவன் தாய், தாய்மாமன். எல்லாம் நல்லபடியாகத்தான் நடந்தது. பெண்ணைப் பார்த்தார்கள், முகம் மலர்ந்தது. பதினொன்றரைக்கே கிளம்பியிருப்பார்கள். தாய்மாமனும் உன் நைனாவும் இந்த வருஷத்து மணிலாக்கொட்டை விளைச்சலைப் பேச ஆரம்பித்து நேரம் போனது தெரியவில்லை. சுவரில் மணி பன்னிரண்டு அடித்தது. தாய்மாமன் துண்டை உதறிக்கொண்டு எழுந்தவர் அப்படியே மறுபடி உட்கார்ந்தார். "அடடா, ராவுகாலம் பொறந்துடுச்சே. நல்ல காரியத்துக்கு வந்துட்டு ராவுகாலத்துல படி எறங்கவா முடியும்? ஒன்றர வரைக்கும் குந்தியிருந்துட்டுத்தான் போவணும்" என்றார். சாப்பிடச் சொன்னேன். நிச்சயம் ஆகாமல் கை நனைக்கமாட்டோம் என்றார்கள். ஆக ஒன்றரை மணி நேரம், சாப்பாடும் இல்லாமல் பேச்சும் தீர்ந்துபோய், நீர்மோரைக் குடித்துக்கொண்டு எல்லாரும் நடுக்கூடத்தில் உட்கார்ந்திருந்தோம். மாடிப்படி நடுக்கூடத்தில்தான் இருக்கிறது. நான் ஏறினால் எல்லாரும் பார்ப்பார்கள்.

அப்படி உட்கார்ந்த கொஞ்ச நேரத்திலேயே மாப்பிள்ளையின் தாய் கேட்டாள். "பஜார்ல வழி கேட்டப்போ ஒரு வாழப்பழக்காரம்மா, மொசலு வளக்கற வூடான்னு கேட்டுது. எங்கம்மா அந்த மொசலு? பொழுதே போவலியே, கொண்டாங்களேன் பாக்கலாம்." என் கை விசிறியை ஆட்டுவதை நிறுத்தவில்லை. "மொசலுங்களா? அது பக்கத்து வூட்ல இருக்குதுங்க" என்றேன். தலை குனிந்து உட்கார்ந்திருந்த உன் அக்கா நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். அந்த அம்மாள் முகம் வாடிவிட்டது. "அப்டியா? காலு வெளங்காத மொசலுன்னு சொல்லிச்சி அந்தப் பொம்பள. எங்க வூட்லயும் காலு வெளங்காத கன்னுக்குட்டி ஒண்ணு இருக்குது. அதுக்கு ஊத்தாம எனக்குக் கஞ்சி எறங்காது. அதான் கேட்டேன்" என்றாள்.

தம்பி, நான் உனக்குச் சொல்ல வேண்டியது இதுதான். அப்போது மணி பன்னிரண்டேகால்கூட ஆகியிருக்காது. அந்த நேரத்தில் நான் எழுந்து, "மன்னிச்சிக்குங்க, எங்க வூட்டு மொசலுதான், மாடியில இருக்குது" என்று சொல்லியிருந்தால் அவள் சிரித்திருப்பாள். துரை பிழைத்திருக்கும். உன் நைனா எனக்கு எதிரே உட்கார்ந்து கண்ணால் மாடியைக் காட்டினார். நான் தலையை ஆட்டினேன், வேண்டாம் என்று. மறந்துவிட்டேன் என்று உன்னிடம் சொல்லலாம், நீ நம்பவும் நம்பலாம். அது அடுத்த பொய். நான் மறக்கவில்லை. ஒன்றரை மணி நேரமும் அதையே நினைத்துக்கொண்டிருந்தேன். அதற்குமேல் சகுனத்துக்குப் பயம் இல்லை. சம்பந்தி ஆகப்போகிறவள் முன்னால் பொய்க்காரி ஆகவேண்டுமே என்ற பயம்தான். சொன்ன பொய்யைத் திருப்பி எடுப்பதைவிட ஒரு உயிரை விட்டுவிடுவது எனக்குச் சுலபமாக இருந்தது.

ஒன்றரைக்குக் கிளம்பினார்கள். அவர்கள் தெருமுனை திரும்புகிற வரைக்கும் வாசலில் நின்று சிரித்துக்கொண்டே வழியனுப்பினேன். பிறகுதான் மாடிக்கு ஓடினேன். தளம் காலைச் சுட்டது. கோணி காய்ந்து விறைத்திருந்தது. கிண்ணம் கவிழ்ந்து கிடந்தது. துரை எப்போதும் போல ஒரு காலைப் பக்கத்தில் நீட்டிக்கொண்டு கிடந்தது, கண் திறந்திருந்தது. உடம்பு சூடாக இருந்ததால் உயிர் இருக்கிறது என்று நினைத்துக் காதில் தண்ணீரைத் தடவிக்கொண்டே இருந்தேன். உன் நைனா வந்து என் கையைப் பிடித்து எடுத்தார். அது வெயிலின் சூடு. அவர் அதை அரிசிக் கோணியில் சுற்றி எடுத்துக்கொண்டு போய் ஆற்று மணலில் புதைத்துவிட்டு வந்து குளித்தார். கடைக்குப் போகவில்லை.

மறுநாள் சாயங்காலம் நீ வந்தாய். துண்டு நிறைய அருகம்புல் அறுத்துக் கட்டிக்கொண்டு வந்தாய். "தொர எங்கம்மா?" என்றாய். "கதவு தெறந்து கெடந்துச்சி. ஓடிப்போயிடுச்சி போல" என்றேன். நீ என்னை ஒரு நிமிஷம் பார்த்தாய். "ஓடிச்சாம்மா?" என்றாய். அவ்வளவுதான் கேட்டாய். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தேன் என்று எனக்கே தெரிந்தது. நாய் கீய் இழுத்துக்கொண்டு போயிருக்கும் என்று உடனே மாற்றிச் சொன்னேன். நீ துண்டை வைத்துவிட்டுத் தேடக் கிளம்பினாய். மூன்று நாள் தேடினாய். தெருத் தெருவாக, கோட்டை அகழியோரமாக, ராஜகிரி அடிவாரத்துப் பாறை இடுக்கெல்லாம். பத்தடி நகர முடியாத ஒரு முயலைத் தேடி நீ மலை ஏறினாய். காட்டு முயலோடு சேர்ந்திருக்குமோ என்று பாறைக்குப் பாறை புல் வைத்துவிட்டு வந்தாயாம். "புள்ளகிட்ட சொல்லிடுடி. வெயில்ல கெடந்து அலையறான்" என்று உன் நைனா கெஞ்சினார். "கல்யாணம் முடியட்டும், சும்மா இருங்க" என்றேன். மூன்றாம் நாள் உள்ளங்கால் கொப்புளத்தோடு வந்து விழுந்தாய். நான்தான் மஞ்சளும் எண்ணெயும் தடவினேன். அப்போதும் சொல்லவில்லை.

கல்யாணம் முடிந்தது. உன் அக்கா நல்ல இடத்தில் இருக்கிறாள், சம்பந்தியம்மாள் தங்கமானவள். கன்றுக்குட்டிக்குக் கஞ்சி ஊற்றுவதை நானே போய்ப் பார்த்தேன். பார்த்துவிட்டு வீட்டுக்கு வந்து இரண்டு நாள் படுத்துக்கிடந்தேன். அதற்குப் பிறகு சொல்ல ஆயிரம் நாள் இருந்தது. நீ பியூசி படிக்கப் போனாய், வேலைக்குப் போனாய், கல்யாணம் செய்துகொண்டாய். ஒவ்வொரு தடவையும் அடுத்த தடவை சொல்லிக்கொள்ளலாம் என்று விட்டேன். உன் நைனா போய் இரண்டு வருஷம் ஆகிறது. படுக்கையில் இருக்கும்போது, "மொசலு விசயத்த சொல்லிட்டியா?" என்றுதான் கேட்டார். சொல்லிவிட்டேன் என்று அவரிடமும் பொய் சொன்னேன். கட்டிய மனுஷனைப் பொய்க்குக் கூட்டாளி ஆக்கினால் கடைசியில் அவரையே ஏமாற்றும்படி ஆகும். உன் பெண்சாதியை நீ அப்படி ஆக்கிக்கொண்டிருக்கிறாய். அந்தப் பெண் என்னிடம் உறையைக் கழற்றிக் காட்டும்போது வாசலைப் பார்த்துப் பார்த்துத்தான் காட்டினாள். "அவருக்குத் தெரிய வேணாம் அத்த" என்றாள். பெற்ற பிள்ளையின் காலை மாமியாருக்குக் காட்ட அவள் திருட வேண்டியிருக்கிறது.

நீ துரைக்குப் பிறகு என்னிடம் எதையும் கேட்டதில்லை. நான் அதை நீ பெரியவனாகிவிட்டாய் என்று எடுத்துக்கொண்டேன். இப்போதுதான் தெரிகிறது, நீ என்னிடமிருந்து கற்றுக்கொண்டிருந்தாய். குறையுள்ளதை நாலு பேர் வரும்போது எங்கே வைக்க வேண்டும், எதைக் கொண்டு மூட வேண்டும், கேட்டால் என்ன சொல்ல வேண்டும் என்று. இவ்வளவு அன்பாக ஒரு விளங்காத காலைப் பார்த்துக்கொண்ட பையன் தன் பிள்ளையின் காலுக்குக் கம்பளி உறை மாட்டுகிறான் என்றால் அது உன் சுபாவம் இல்லை. நான் அனந்தபுரத்துக்கு அனுப்பிய அன்றைக்கே அந்தப் பையனைத் தொலைத்துவிட்டேன். அவனை எங்கே போய்த் தேடுவது என்று எனக்குத் தெரியவில்லை.

மூன்றாம் நாள் சாயங்காலம் உன் வீட்டுக்கார அம்மாள் குழந்தையைப் பார்க்க வந்தாளே, அதைச் சொல்லிவிடுகிறேன். நீ ஆபீஸிலிருந்து வந்து காபி குடித்துக்கொண்டிருந்தாய். வாசலில் அவள் குரல் கேட்டதும் எழுந்து வந்து குழந்தையை வாங்கிக்கொண்டு போய் உள்ளறையில் போட்டுக் கதவைச் சாத்தினாய். "தூங்குதுங்க" என்றாய். உள்ளே அது வீறிட்டு அழுதது. அவள் கேட்டுக்கொண்டு நின்றாள், நீயும் நின்றாய், மருமகள் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஊர் வாயை மூட உலைமூடி உண்டா? அவளுக்குத் தெரியாது என்றா நினைக்கிறாய்? அவள் கொண்டுவந்த வாழைப்பழத்தை வைத்துவிட்டுப் போனாள். உன் கன்னத்தில் ஒன்று வைக்கலாம் என்று எனக்குக் கை துடித்தது.

ஒன்று மிச்சம் இருக்கிறது. இதை எழுதாமலே முடித்துவிடலாம் என்று இரண்டு தடவை பேனாவை மூடினேன். அவள் வாசலில் செருப்பைக் கழற்றியபோது குழந்தை என் மடியில் இருந்தது. நீ உள்ளே காபி குடிக்கிற நேரம் பார்த்து மருமகள் குளிப்பாட்டி உறை போடாமல் கொடுத்திருந்தாள். அந்தப் பாதத்தை என் உள்ளங்கையில் வைத்து எண்ணெய் நீவிக்கொண்டிருந்தேன். இன்னும் வளைகிறது, தம்பி. மெதுவாக அழுத்தினால் பாதி தூரம் நேராக வருகிறது. விட்டால் திரும்பிப் போகிறது. எலும்பு இன்னும் முத்தவில்லை. இதைத்தான் முதலில் உன்னிடம் சொல்லியிருக்க வேண்டும். அதற்குள் செருப்புச் சத்தம் கேட்டது. நீ உள்ளே இருந்து எழுந்து வருவதற்கு முன்னாலேயே என் முந்தானை அந்தக் காலின் மேல் விழுந்திருந்தது. நான் நினைத்துப் போடவில்லை. கை அதுவாகவே போட்டது. நீ வந்து என்னிடமிருந்து வாங்கியபோது மூடிய பிள்ளையைத்தான் வாங்கினாய்.

ஏழு வருஷம் அழுத பிறகும் என் கை மாறவில்லை. அதனால் உன்னைத் திட்ட எனக்கு யோக்கியதை இல்லை, நான் வந்து முன்னால் நின்று எல்லாம் செய்கிறேன் என்றும் எழுதமாட்டேன். நீ செய்வாய் என்ற நம்பிக்கையும் எனக்குக் குறைவுதான். ஆனாலும் கேட்கிறேன். நாளைக்கே தூக்கிக்கொண்டு போ. உறையை வீட்டிலேயே கழற்றிப் போட்டுவிட்டுப் போ. பஸ்ஸில் கேட்பார்கள், வரிசையில் கேட்பார்கள், ஆபீஸில் கேட்பார்கள். கேட்டால் இருக்கிறதைச் சொல். மாவுக்கட்டுப் போட்ட பிறகு பிள்ளையைப் பார்க்க வேண்டும் என்று நான் வருவேன். வராமல் இருக்க என்னால் முடியாது. அப்போது பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துவிட்டுப் போகிறேன். என் மடியில் மட்டும் கொடுக்காதே. நான் அழுது கேட்டாலும் கொடுக்காதே.

அம்மா